ஜன்னலுக்கு வாரண்டி உண்டு... மாட்டுன வேலைக்கு?

கொட்டாம்பட்டி,

கரையான் அரித்த மர ஜன்னலை கழற்றிவிட்டு யு.பி.வி.சி. ஜன்னல் மாட்டப் போறீங்களா? "10 வருஷ வாரண்டி" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டி விடாதீர்கள். அந்த 10 வருஷம் எதுக்கு என்று கேளுங்கள்.

பெரும்பாலும் அது பிரேமுக்கு மட்டும்தான். பூட்டு, உருளைக்கு தனிக்கணக்கு. மாட்டுகிற வேலைக்கு பல பில்களில் ஒரு வரிகூட இருக்காது.

ஆனால் தகராறு வருவதே அங்கேதான். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் உள்ள சந்தை சிலிக்கான் பசையால் சரியாக அடைக்காவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். கம்பெனியை கேட்டால் "மாட்டுனவன் தப்பு" என்பார்கள். மாட்டியவரோ "சரக்கு சரியில்ல" என்பார். நடுவில் சிக்குவது வீட்டுக்காரர்.

எனவே பொருத்தும் வேலைக்கு எத்தனை வருஷ வாரண்டி, ஒழுகினால் யார் வந்து பார்ப்பது, கழற்றி மாட்டும் கூலியும் மதுரையில் இருந்து வரும் வண்டிச் செலவும் யார் தலையில் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் வெளியே நின்று பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகே மீதிப்பணம்.

"ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று துண்டுச்சீட்டு நீட்டுவார்கள். மயங்காதீர்கள். நாளைக்கு புகார் கொடுக்க பில்தான் வேண்டும்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால், 2 ஆண்டுக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம். கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கம்பெனி சென்னையில் இருந்தாலும், 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம்.