ஃபிஷிங்: இந்தத் தூண்டில் எங்கிருந்து வந்துச்சு?

'உங்க கே.ஒய்.சி. காலாவதி ஆயிடுச்சு, உடனே இந்த லிங்க்கை அழுத்துங்க'ன்னு மெசேஜ் வந்திருக்கா? இதுக்குப் பேர்தான் ஃபிஷிங். பேங்க், கூரியர் கம்பெனின்னு நாம நம்புற ஆள் வேஷத்துல வந்து, பாஸ்வேர்டை நம்ம கையாலேயே கொடுக்க வைக்கிறது.

இது ஆரம்பிச்சது அமெரிக்காவுல, 1990-களின் நடுவுல. அப்போ அங்கே நிறைய பேருக்கு இன்டர்நெட்னாலே ஏ.ஓ.எல். தான். மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்குவாங்க. ஓசியில உள்ளே போக, சில பசங்க போலி கிரெடிட் கார்டு நம்பர்களை உருவாக்கிக் கணக்கு தொடங்கினாங்க. 1995-ல ஏ.ஓ.எல். அந்த ஓட்டையை அடைச்சுது. சரி, அப்போ அடுத்தவன் கணக்கு! ஏ.ஓ.எல். ஊழியர் மாதிரியே, 'பில்லிங்ல கோளாறு, பாஸ்வேர்டை உறுதிப்படுத்துங்க'ன்னு மெசேஜ் போட்டாங்க. அதுக்குன்னே 'ஏ.ஓ.ஹெல்'னு ஒரு மென்பொருள் வேற சுத்திட்டு இருந்துச்சு.

நிறைய பேருக்குத் தூண்டில் போட்டா ஒண்ணு ரெண்டு மாட்டும் இல்லையா, அதான் மீன்பிடிக்கிற ஃபிஷிங். ஸ்பெல்லிங்ல 'எஃப்' போய் 'பி.ஹெச்.' வந்தது, அதுக்கு முன்னாடி டெலிபோன் நெட்வொர்க்கை ஏமாத்தினவங்களோட 'ஃப்ரீக்கிங்'கிற வார்த்தையோட சாயல்.

கவனிங்க, இங்கே பூட்டை யாரும் உடைக்கலை. சாவியைக் கேட்டாங்க, கொடுத்துட்டாங்க. கடைசியில, 'எங்கள் ஊழியர்கள் யாரும் பாஸ்வேர்டு கேட்க மாட்டார்கள்'னு ஏ.ஓ.எல். மெசேஜ் விண்டோவிலேயே எழுதி வைக்க வேண்டியதாப் போச்சு. இன்னிக்கு ஓ.டி.பி. பத்தி நம்ம பேங்க் அனுப்புற எச்சரிக்கையும் கிட்டத்தட்ட அதே வரிதான்.