குளத்துக்குள் ஒரு சைக்கிள் பாதை... தெரியுமா?

குளத்துக்குள் இறங்கி சைக்கிள் ஓட்டலாம், சட்டையில் ஒரு சொட்டு ஈரம் படாது. தெரியுமா?

பெல்ஜியத்தின் வடகிழக்கு மூலையில் லிம்பர்க் என்றொரு மாகாணம். அங்கே கெங்க் நகரத்தை ஒட்டிய போக்ரெய்க்கில் 2016இல் திறந்த பாதை இது. நீளம் 212 மீட்டர், அகலம் 3 மீட்டர். பாலமாக இருந்தால் தண்ணீருக்கு மேலே போகும். இதுவோ குளத்தைப் பிளந்துகொண்டு கீழே இறங்குகிறது! இருபுறமும் கான்கிரீட் சுவர். சுவரின் விளிம்பை ஒட்டித் தளும்பும் தண்ணீர். சைக்கிளில் உட்கார்ந்தபடி பார்த்தால் குளத்தின் மேற்பரப்பு கண்மட்டத்தில் விரிகிறது. அன்னம் ஒன்று நீந்தி வந்தால் அதன் முகமும் உங்கள் முகமும் ஒரே உயரத்தில்! நிதானமாக மிதித்தாலும் ஒரு நிமிடத்தில் அக்கரை வந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். 'டைம்' இதழ் 2018இல் உலகின் தலைசிறந்த இடங்கள் என்று வெளியிட்ட பட்டியலிலும் இந்தப் பாதை இருந்தது.

பாதையைப் பார்த்து வாய்பிளப்பவர்கள் அந்தக் குளத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். என்னைக் கேட்டால் பெரிய அதிசயம் குளம்தான். ஏனென்றால் அது இயற்கை தந்த ஏரி இல்லை. மனிதக் கை வெட்டியது!

ஹாசெல்ட், கெங்க் நகரங்களை ஒட்டிய இந்த வட்டாரத்துக்கு டே வெய்யெர்ஸ் என்று பெயர். இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. 1252இல் லூன் நாட்டுப் பிரபு போக்ரெய்க் காட்டை ஹெர்க்கென்ரோடே மடத்துக் கன்னியாஸ்திரிகளுக்கு விற்றார். பிரெஞ்சுப் புரட்சியின் அலையில் மடமே கலைக்கப்படும்வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல், அது அவர்கள் கையில் இருந்தது. மடங்களில் விரத நாட்களில் இறைச்சி கூடாது, மீனுக்குத் தடையில்லை. விரத நாட்களோ ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும். கடல் தொலைவில் இருக்க, மீனுக்கு எங்கே போவது? குளம் வெட்டினார்கள், கெண்டை வளர்த்தார்கள். சிற்றோடையிலிருந்து வாய்க்கால் பிரித்து ஒரு குளத்தை நிரப்புவது, அது நிரம்பியதும் அடுத்ததற்கு விடுவது, மீன் பிடிக்கும் காலத்தில் மதகைத் திறந்து குளத்தை வடிப்பது என்று தலைமுறை தலைமுறையாக ஒரு நீர்க்கணக்கு இங்கே நடந்திருக்கிறது. இரும்புத்தாது தோண்டிய குழிகள் சிலவும் பின்னாளில் குளங்களாகிவிட்டன.

அந்தக் கெண்டைக் குளங்களில் இன்று யார் குடியிருக்கிறார்கள், தெரியுமா? விரல் நீளமே உள்ள பச்சை மரத்தவளை. விரல் நுனியில் ஒட்டும் வட்டுகளைக் கொண்டு செடியில் ஏறிவிடும். வசந்தகால இரவில் அது போடும் சத்தம், அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சத்தம்! நாணலுக்குள் ஒளிந்து வாழும் பழுப்புநிறக் கொக்கு ஒன்றும் உண்டு. ஆபத்து என்றால் அலகை வானத்துக்கு நீட்டி, நாணல் அசையும்போது தானும் கூடவே அசைந்து நிற்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. ஆனால் அது குரல் கொடுத்தால் சில கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்கும்.

குளத்திலிருந்து கரையேறி வடக்கே மிதியுங்கள். ஹெக்தெல்-எக்செல் என்ற ஊரின் பைன் காட்டுக்குள் 2019இல் திறந்தார்கள் அடுத்த அதிசயத்தை. அங்கே சைக்கிள் மரத்தில் ஏறுகிறது! 100 மீட்டர் விட்டமுள்ள வட்டம். 700 மீட்டர் நீளப் பாலம் அந்த வட்டத்தில் சுற்றிச் சுற்றி உயர்ந்து, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறது. ஏற்றம் மிக மென்மையாக இருப்பதால் யாரும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வருபவர்களும் கிளைகளின் உயரத்துக்குப் போகலாம். பாலத்தைத் தாங்கும் எஃகுத் தூண்கள் 449. அடிமரத்தில் கிளையில்லாமல் நெட்டுக்குத்தாக நிற்கும் பைன் மரங்களுக்கிடையே மரத்தின் நிறத்திலேயே, மரத்தைப் போலவே மெலிதாக நிற்பதால் எது தூண், எது மரம் என்று ஒரு நொடி திகைக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காட்டு மரங்கள் ஏன் அணிவகுத்து நிற்பதுபோல் அத்தனை நேராக நிற்கின்றன? இதுவும் நட்ட காடு! நட்டது சுரங்கத்துக்காக.

நிலத்துக்கடியில் நிலக்கரி வெட்டும்போது மேற்கூரை சரியாமலிருக்க மரக்கட்டைகளை முட்டுக்கொடுப்பார்கள். அதற்குப் பைன் மரத்தையே தேடுவார்கள். ஏன் தெரியுமா? பைன் சட்டென்று முறியாது. பாரம் தாங்காமல் போகும்போது முதலில் கிறீச்சிடும், படபடக்கும். இருட்டுக்குள் வேலை செய்பவனுக்கு அந்தச் சத்தமே எச்சரிக்கை. ஓடித் தப்பிக்கச் சில நொடிகள் கிடைக்கும். எத்தனை உயிர்களை அந்த முனகல் காப்பாற்றியதோ! உயரத்தில் நின்று காற்றில் அந்தக் காடு இரையும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கம் வந்த கதையும் சைக்கிள் பாதையிலேயே இருக்கிறது. 1901 ஆகஸ்டில் ஆஸ் என்ற சிற்றூரில் ஆந்த்ரே துமோன் என்ற புவியியலாளர் துளையிட்டுப் பார்த்தபோது 541 மீட்டர் ஆழத்தில் கரி தட்டுப்பட்டது. ஆட்டு மந்தையும் மணலுமாகக் கிடந்த வறண்ட பூமி தலைகீழாக மாறியது. 1917இல் கெங்க்கை ஒட்டிய வின்டர்ஸ்லாகில் கரி மேலே வரத் தொடங்கியது. மொத்தம் ஏழு சுரங்கங்கள். இத்தாலி, போலந்து, கிரீஸ், துருக்கி, மொராக்கோ என்று எங்கெங்கிருந்தோ தொழிலாளிகள் வந்து குடியேறினார்கள். 1992இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. கரி ஏற்றிய ரயில் தடங்களின் ஓரத்தில் இன்று மக்கள் சைக்கிளில் போகிறார்கள். கரிக்கழிவு கொட்டிய மேடுகளில் செடி முளைத்துவிட்டது. மலையே இல்லாத நாட்டுப்புறத்தில் ஏறிப் பார்க்க அந்தக் கறுப்பு மேடுகள்தான் மலை!

இனி நான் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த மாகாணத்தில் சைக்கிள் ஓட்ட ஊர்ப்பெயர் தெரிய வேண்டாம், மொழி தெரிய வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். எண் தெரிந்தால் போதும். இதற்கு வழி கண்டவர் ஹூகோ பொல்லன் என்ற சுரங்கப் பொறியாளர்!

சுரங்கத்துக்குள் எல்லாத் திசையும் ஒரே இருட்டு, எல்லா வழியும் ஒரே மாதிரி. அதனால் வழிகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்திருப்பார்கள். சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த காலத்தில் பொல்லனுக்கு ஒரு யோசனை. பூமிக்கு அடியில் வழி தவறாமலிருக்க உதவிய அதே முறையை வெயிலுக்குக் கொண்டுவந்தால் என்ன? 1995இல் லிம்பர்க்கின் சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் வரத் தொடங்கியது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பலகை. அதில் அந்த இடத்தின் எண்ணும், அங்கிருந்து பிரியும் பாதைகள் எந்தெந்த எண்ணுக்குப் போகின்றன என்ற அம்புக்குறிகளும் இருக்கும். புறப்படும் முன் வரைபடத்தைப் பார்த்து, போக வேண்டிய எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. நடுவழியில் மழை வந்துவிட்டதா? இரண்டு எண்களை விட்டுவிட்டுக் குறுக்கே திரும்பிவிடலாம். கால் இன்னும் சளைக்கவில்லையா? இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்பெல்லாம் சுற்றுலாப் பாதை என்றால் யாரோ வரைந்துவைத்த ஒரே வட்டம். புறப்பட்டால் அதை முடித்தே ஆக வேண்டும். பொல்லனின் முறையில் பாதையை வகுப்பவர் ஓட்டுபவரேதான். லிம்பர்க்கில் மட்டும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் இப்படி எண்களால் பின்னப்பட்டிருக்கிறது. பின்னர் பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸ் முழுவதும், நெதர்லாந்து முழுவதும், ஜெர்மனியின் பல பகுதிகளும் இதே முறையை ஏற்றுக்கொண்டன. இருட்டில் வழி தேடிய தொழிலாளிகளின் எண்கள், விடுமுறைக்கு வந்த குடும்பங்களை இன்று காட்டுக்குள் கூட்டிப்போகின்றன. இதைவிட அழகாக ஒரு தொழில் தன் அறிவை ஊருக்கு விட்டுப்போக முடியுமா?

சரி, ஊதா நிறத்தில் ஒரு பூமி பார்த்ததுண்டா? ஆகஸ்ட் மாதம் ஹோகே கெம்பென் தேசியப் பூங்காவுக்குப் போனால் பார்க்கலாம். 2006இல் பெல்ஜியத்தின் முதல் தேசியப் பூங்காவாகத் திறந்தது இது. முழங்கால் உயர ஹெதர் செடிகள் மேடெல்லாம் ஒரே நேரத்தில் பூத்துக் கிடக்கும். இங்கும் புதர்வெளியின் நடுவே சுமார் 300 மீட்டருக்கு ஒரு மரப்பாலம் கட்டி, 2021இல் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறார்கள். கார் ஓடிக்கொண்டிருந்த சாலையை மூடிக் கொடுத்த பாதை என்பது எனக்கு இன்னும் பெரிய செய்தி.

இந்த ஊதா வெளியை உண்டாக்கியவை ஆடுகள்! மணல் பூமி, உரமில்லாமல் எதுவும் விளையாது. உழவர்கள் வெளியில் ஆடு மேய்த்தார்கள். செடியோடும் வேரோடும் மேல்மண்ணைச் சீவி எடுத்துத் தொழுவத்தில் பரப்பி, சாணமும் புழுக்கையும் கலந்தபின் வயலில் கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் சுரண்டச் சுரண்ட, ஹெதரைத் தவிர வேறொன்றும் அங்கே தழைக்கவில்லை. 1847இல் தரிசு நிலத்தைப் பயன்படுத்தச் சொல்லி பெல்ஜியம் ஒரு சட்டம் போட்டது. பிறகு செயற்கை உரமும் வந்தது, ஆடு தேவைப்படாமல் போனது. புதர்வெளியில் பைன் நட்டார்கள், அந்தப் பைன் சுரங்கத்துக்குப் போனது. ஆடு, மரம், கரி என்று ஒவ்வொன்றும் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறது, பாருங்கள். மிச்சமிருக்கும் புதர்வெளியைக் காப்பாற்ற இப்போது மறுபடியும் ஆட்டு மந்தையையே மேய விடுகிறார்கள். ஆடு மேயாவிட்டால் சில ஆண்டுகளில் காடு மூடிவிடும்!

பெல்ஜியத்தில் ஒரு சகாரா இருக்கிறது, தெரியுமா? லொம்மெல் ஊரில். வெள்ளை வெளேரென்று மணல், நடுவில் நீலநிற ஏரி, சுற்றிலும் பைன் காடு. பார்ப்பதற்கு அத்தனை அழகு. பிறந்த கதையோ கசப்பு. பக்கத்தில் துத்தநாகத் தொழிற்சாலை இருந்தது. அதன் உலைகள் கக்கிய கந்தகப் புகையில் செடிகள் கருகின. வேர் போனதும் மணல் பறக்கத் தொடங்கியது. பறக்கும் மணலைத் தடுக்கத்தான் சுற்றிலும் பைன் நட்டார்கள். வெண்மணலை வெட்டி எடுத்த பள்ளத்தில் தண்ணீர் ஊறி ஏரியானது. நச்சுப் புகை கொன்ற நிலத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அந்த அழகைப் பார்க்க வேண்டும் என்பேன்.

கிழக்கு எல்லையில் மாஸ் ஆறு. ஒரு கரை பெல்ஜியம், மறுகரை நெதர்லாந்து. ஆற்றோரம் சரளைக்கல் அள்ளிய பள்ளங்கள் இன்று பாய்மரப் படகு ஓடும் பெரிய ஏரிகள். கப்பல்கள் பக்கத்து யூலியானா கால்வாயில் போய்விடுவதால் இந்தப் பகுதியில் ஆறு தன் போக்கில் ஓடுகிறது. கரையில் கோனிக் குதிரைகளும் கேலோவே மாடுகளும் தாராளமாக உலவி மேய்கின்றன. மேஸ்வைக் என்ற சிற்றூரில் சைக்கிளோடு படகில் ஏறினால், கடவுச்சீட்டைக் கேட்க ஆளில்லாமல் அடுத்த நாட்டில் இறங்கலாம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹாசெல்ட்டுக்கும் கெங்க்குக்கும் இடையே போக்ரெய்க்கிலேயே ரயில் நிற்கிறது. குளத்துப் பாதை அங்கிருந்து பக்கம். ஊதாப் பூமிக்கு ஆகஸ்ட், மரத்தவளைக் கச்சேரிக்கு வசந்தகாலம். குளமும் மரங்களுக்கிடையே ஏறும் பாலமும் புதர்வெளியும் ஒரே நாளில் வேண்டாம். மூன்றுக்கும் நடுவே மிதித்துக் கடக்கும் அந்த நட்ட காடுகளையும் வெட்டிய குளங்களையும் பார்க்காமல் போய்விடுவீர்கள். எண்களை எழுத ஒரு பென்சில் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.