சாவியைத் திருப்பும் கை

2019 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. கடன் அட்டைக்கு விண்ணப்பித்திருந்த சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடியர்களின் விவரங்கள் களவு போய்விட்டன என்பது அதன் சாரம். அந்த எண்ணிக்கையைவிடக் கவனிக்க வேண்டியது, அறிக்கையின் நடுவே இருந்த ஒரு விளக்கம். தகவல்களை மறையாக்கம் செய்து வைப்பதே தங்கள் வழக்கம் என்றும், ஆனால் இந்த ஊடுருவல் நடந்த விதத்தால் மறை நீங்கிய தகவலே வெளியே போனது என்றும் வங்கி சொன்னது. மறையாக்கம் என்ற பூட்டை யாரும் உடைக்கவில்லை. அமேசானின் மேகக் கணிமையில் (கிளவுட்) இருந்த வங்கியின் கணினிகளுக்கு முன்னால் காவலாக நின்ற ஃபயர்வால் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. வெளியே இருப்பவர் கேட்கும் கேள்வியை, தானே கேட்பதுபோல உள்ளே கேட்டுப் பதில் வாங்கித் தரும்படி அதை ஏமாற்ற முடிந்தது. அப்படிக் கேட்டதில், அந்த ஃபயர்வாலுக்கென்று வழங்கப்பட்டிருந்த தற்காலிக அனுமதிச் சீட்டு கிடைத்தது. வாயிற்காவலனுக்குக் கஜானாவரை போகும் அனுமதி எதற்கு என்று யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. சீட்டைக் காட்டியதும் சேமிப்பகம் தன் கடமையைப் பிசகின்றிச் செய்தது. பூட்டைத் திறந்து, மறையை நீக்கி, கேட்டதை எடுத்துக் கொடுத்தது.

இந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேகக் கணிமை நிறுவனங்கள் இன்று முன்வைக்கும் ஒரு வசதியை எடைபோட வேண்டும். ‘வாடிக்கையாளர் நிர்வகிக்கும் சாவி’ என்பது அதன் பெயர். உங்கள் தரவுத்தளம் எங்கள் சர்வரில் இருக்கட்டும், அதைப் பூட்டும் சாவி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்பது பேரம். கேட்பதற்கு வங்கி லாக்கர் போலத் தோன்றும். வங்கியின் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும். மேலாளர் தன் சாவியைத் திருப்பிவிட்டு வெளியே போய்விடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்கு மட்டும் தெரியும். பலரும் இந்த நம்பிக்கையோடுதான் அந்த வசதிக்குச் சம்மதிக்கிறார்கள். ஆனால் மேகத்தில் நடப்பது வேறு. அங்கே நாம் நகையை வைத்துவிட்டு வருவதில்லை. ‘இதில் மொத்தம் எத்தனை பவுன், கல் வைத்தவை எத்தனை, போன மாதம் வந்தவை எவை’ என்று நொடிக்கு நூறு முறை கேட்கிறோம். பதில் சொல்ல வேண்டுமானால் பெட்டியை அவர்கள் திறந்துதான் ஆக வேண்டும். ஆகவே வாடிக்கையாளர் சாவி தருவது ரகசியத்தை அல்ல, அதிகாரத்தை. அதாவது, திறக்க அனுமதிக்கும் அதிகாரம், மறுக்கும் அதிகாரம், யார் எப்போது திறந்தார் என்று கணக்குக் கேட்கும் அதிகாரம். ரகசியம், அதிகாரம் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

உள்ளே நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தரவுத்தளத்தின் கோப்புகளைப் பூட்டுவது பெரும்பாலும் ஏ.இ.எஸ் என்ற முறை. யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் என்ற இரு பெல்ஜியர்கள் வடிவமைத்ததை அமெரிக்கா 2001இல் தன் தரமாக ஏற்றுக்கொண்டது. அதன் 256 பிட் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் வாடிக்கையாளர் நிர்வகிக்கும் சாவி நேரடியாகக் கோப்புகளைப் பூட்டுவதில்லை. கோப்புகளைப் பூட்டுவது ‘தரவுச் சாவி’ என்ற வேறொன்று. அந்தத் தரவுச் சாவியை ஓர் உறையில் போட்டு மூடுவதுபோல, அதன்மேல் போடப்படும் இரண்டாவது பூட்டுக்கு உரியதே நம் தலைமைச் சாவி. மூடிய உறை தரவுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். தலைமைச் சாவியோ தனிப் பாதுகாப்பு வன்பொருளைவிட்டு வெளியே வராது. இந்தச் சுற்றுவழிக்குக் காரணம் உண்டு. டெராபைட் கணக்கான தரவை அந்த வன்பொருளுக்குள் அனுப்பிப் பூட்டிக்கொண்டிருக்க முடியாது. அமேசானின் சாவிச் சேவை ஒரு தடவைக்கு 4,096 பைட்டுகளுக்கு மேல் வாங்கிப் பூட்டாது. ஒரு தரவுச் சாவி அதில் தாராளமாக அடங்கும். தலைமைச் சாவியை மாற்ற நேர்ந்தாலும் உறையை மட்டும் புதிதாக ஒட்டினால் போதும், மலைபோன்ற தரவைத் தொட வேண்டியதில்லை.

தரவுத்தளம் கண் விழிக்கும்போது, மூடிய உறையைச் சாவிச் சேவைக்கு அனுப்பித் திறந்து தரச் சொல்கிறது. கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று சேவை பார்க்கிறது. உண்டென்றால் தரவுச் சாவியைத் தருகிறது. அது சர்வரின் நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் மறை நீக்கம் தானாகவே நடக்கும். கேட்பவர் வங்கி ஊழியரா, ஊழியரின் அனுமதியைத் திருடியவரா என்பது ஏ.இ.எஸ்ஸுக்குத் தெரியாது. 1883இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் ராணுவ மறையெழுத்து பற்றி எழுதியபோது, பொறிமுறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை, சாவி தெரியாமல் இருந்தால் போதும் என்றார். இன்றும் அதுவே இத்துறையின் அடிப்படை விதி. ஆனால் அவர் காலத்துச் சாவி, இரண்டு அதிகாரிகள் மனப்பாடம் செய்து வைத்திருந்த சொல். இங்கே தலைமைச் சாவியை எந்த மனிதரும் பார்த்ததே இல்லை. அது யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கே இடமில்லை. அதைத் திருப்பச் சொல்லி ஆணையிட யாரால் முடியும் என்பதுதான் கேள்வி. கேபிடல் ஒன்னில் அந்த ஆணை ஒரு ஃபயர்வாலின் பெயரில் போனது.

அப்படியானால் இதெல்லாம் தணிக்கையாளருக்குக் காட்டுவதற்கான சடங்குதானே, நிறுவனமே வைத்துக்கொள்ளும் சாவிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு; விளம்பரம் சொல்லும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அதே கேபிடல் ஒன் களவில் ஒரு சிறு பகுதி தப்பியது. சமூகப் பாதுகாப்பு எண்கள், கணக்கு எண்கள் போன்ற சில விவரங்களை வங்கி நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் பொருளற்ற மாற்று எண்களை வைத்திருந்தது. அவற்றை உண்மை எண்ணாக மாற்றும் முறையும் சாவியும் வேறாக இருந்தன. ஃபயர்வாலின் சீட்டு அவற்றிடம் செல்லவில்லை. அப்படியும் சுமார் 1,40,000 சமூகப் பாதுகாப்பு எண்களும், கடன் அட்டையோடு இணைந்த 80,000 வங்கிக் கணக்கு எண்களும், சுமார் 10 லட்சம் கனடிய அடையாள எண்களும் வெளியாயின. ஆனால் 10 கோடிப் பேரின் கணக்கில் இது சிறு பங்கு. ஒரே வங்கி, ஒரே களவு. ஓரிடத்தில் தரவைத் தொடும் அனுமதியே பூட்டைத் திறக்கும் அனுமதியாகவும் இருந்தது. இன்னோரிடத்தில் இரண்டும் பிரிந்திருந்தன. வாடிக்கையாளர் சாவியின் உண்மையான பயன் இந்தப் பிரிவினைக்கு வழி செய்வதுதான். தரவுத்தளத்தை நிர்வகிப்பவர் ஒருவர், சாவிக்கு யாரெல்லாம் ஆணையிடலாம் என்று எழுதுபவர் இன்னொருவர். இருவரும் ஒரே ஆளாக இருந்தால், சாவி யாருடைய பெயரில் இருந்தும் பயனில்லை.

கணக்குக் கேட்கும் அதிகாரத்துக்கு, வேறொரு வகைச் சாவியைப் பற்றியதானாலும், வலுவான சான்று ஒன்று இருக்கிறது. 2023இல் சீனாவைச் சேர்ந்த ஒரு குழு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2016இல் உருவாக்கிய கையொப்பச் சாவி ஒன்றைக் கைப்பற்றி, அதைக் கொண்டு போலி அனுமதிச் சீட்டுகள் அச்சடித்து, அமெரிக்க அரசு அலுவலகங்கள் உட்பட 20க்கும் மேற்பட்ட அமைப்புகளின் மின்னஞ்சல்களை வாசித்தது. இது தரவைப் பூட்டும் சாவி அல்ல, ஆளை அடையாளம் காட்டும் சாவி. என்றாலும் இரண்டு செய்திகள் நமக்குப் பொருந்தும். முதலாவது, அந்தச் சாவி அவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்கவே கூடாது. அந்த வகைச் சாவிகளைக் கையால் மாற்றும் வழக்கத்தை, 2021இல் அந்த வேலையால் பெரிய சேவைத் தடை ஒன்று நேர்ந்தபின் நிறுவனம் நிறுத்தியிருந்தது என்று அமெரிக்க அரசின் ஆய்வு வாரியம் 2024இல் எழுதியது. இரண்டாவது, களவைக் கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் அல்ல, அதன் வாடிக்கையாளரான அமெரிக்க வெளியுறவுத் துறை. எந்த அஞ்சலை எந்தச் செயலி திறந்தது என்ற விரிவான பதிவேட்டைக் கூடுதல் கட்டணம் கட்டி அத்துறை வாங்கி வைத்திருந்தது. அதில் வழக்கத்துக்கு மாறான வரிகள் கண்ணில் பட்டன. கட்டணம் கட்டாதவர்களுக்கு அந்தப் பதிவேடே இல்லை. காவலுக்கு ஆள் வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டைத் தனி விலைக்கு விற்பது என்ன நியாயம் என்ற கண்டனம் எழுந்ததும், அதைப் பரவலாகத் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர் நிர்வகிக்கும் சாவியோடும் இப்படி ஒரு பதிவேடு வருகிறது. சாவிக்கு வந்த ஒவ்வோர் ஆணையும் நேரத்தோடு அதில் பதிவாகும்.

மறுக்கும் அதிகாரத்தைப் பற்றியும் மிகையாக எண்ணிக்கொள்ள வேண்டாம். சாவியை முடக்கிய கணமே எல்லாம் இருண்டுவிடும் என்பது கற்பனை. ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் தரவுச் சாவியை வைத்து, அமேசானின் மறையாக்கிய டிஸ்க்குகள் கணினியோடு இணைந்திருக்கும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். கழற்றி மீண்டும் மாட்டும்போதுதான் தடை விழும். மறுப்பு முழுமையாகப் பலிப்பது அழிப்பில். சாவியை அழித்தால், தரவோடு எத்தனை ஊர்களில் எத்தனை பேக்கப்புகள் கிடந்தாலும் அத்தனையும் ஒருசேர வெறும் இரைச்சலாகிவிடும். டிஸ்க்கைத் தேடிப் போய் அழிப்பதைவிட இது உறுதியானது. ஆனால் அதே வேகத்தில் நிறுவனமும் அழியலாம். அதனால்தான் அழிக்கச் சொன்னபின் 7 முதல் 30 நாட்கள்வரை அமேசான் காத்திருக்கிறது. கெடு முடிந்தபின் எந்தப் பொறியாளராலும் எந்த நீதிமன்றத்தாலும் மீட்க முடியாது. கோபித்துக்கொண்டு வேலையை விடும் ஓர் ஊழியர் கையில் இந்த ஒற்றை ஆணை இருக்கக் கூடாது. ரகசியத்தைத் துண்டுகளாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் துண்டுகள் சேர்ந்தால் மட்டும் முழுமை பெறும்படி செய்யும் கணித வழியை ஆதி ஷமீர் 1979இலேயே தந்திருக்கிறார். அதைக் கையாளுமளவு போகாவிட்டாலும், இருவர் ஒப்புதல் என்ற எளிய ஏற்பாடாவது வேண்டும்.

இன்னும் வலுவான ஆட்சேபம் சட்டத்தின் பக்கமிருந்து வருகிறது. அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுக் கிளவுட் சட்டப்படி, அமெரிக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்க நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டது. மைக்ரோசாஃப்டின் சர்வர்கள் 2015 முதல் சென்னையிலும் இயங்குகின்றன; தரவு நம் மண்ணில் இருப்பதால் மட்டும் இந்தச் சட்டம் எட்டாது என்று சொல்ல முடியாது. அப்படியானால் சாவியையே மேகத்துக்கு வெளியே, நம் கட்டடத்தில் வைத்தால் என்ன? கூகுளும் அமேசானும் அதற்கும் வழி தருகின்றன. விலை என்னவென்றால், அமேசானின் ஏற்பாட்டில் சாவிச் சேவை அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நம் சாவிப்பெட்டி 250 மில்லிநொடிக்குள் பதில் சொல்ல வேண்டும். நம் கட்டடத்தில் மின்சாரம் போனால் மேகத்தில் இருக்கும் தரவுத்தளமும் தடுமாறும். அதற்கும் மேலே, திறந்த தரவுச் சாவி இயங்கும் நேரத்தில் அவர்களுடைய நினைவகத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2021இல் இறுதி செய்த பரிந்துரைகளில் இதைத் தயவு தாட்சண்யமின்றிச் சொல்லிவிட்டது. வெறும் சேமிப்புக்காக, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அனுப்பும் தரவுக்கு மறையாக்கம் போதுமான காப்பு. மேக நிறுவனம் தரவை மறையின்றிக் கையாள வேண்டிய வேலையென்றால், அதற்குப் போதுமான தொழில்நுட்பக் காப்பு எதுவும் தங்களுக்குத் தென்படவில்லை என்றது.

மறையை நீக்காமலே கேள்விக்குப் பதில் சொல்ல வைத்தால் இந்தச் சிக்கல் முழுதும் தீருமே என்று ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலமாக முயல்கிறார்கள். மறைந்த நிலையிலேயே எந்தக் கணக்கையும் போடலாம் என்று கிரெய்க் ஜென்ட்ரி 2009இல் காட்டினார். அன்றாடத் தரவுத்தளத்துக்கு அது இன்னும் மிக மந்தம். வேகத்துக்காகச் செய்யும் சமரசங்களில் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2011இல் எம்.ஐ.டி.யில் உருவான கிரிப்ட்டிபி, ஒரே சொல்லுக்கு எப்போதும் ஒரே மறைசொல்லைத் தரும் முறையைச் சில இடங்களில் பயன்படுத்தியது. தேடுவதற்கு அது வசதி. ஆனால் தமிழ்நாட்டு முகவரிகள் உள்ள பட்டியல் ஒன்றில் மாவட்டத்தின் பெயரை அப்படி மறைத்தால், ஆக அதிக முறை வரும் மறைசொல் சென்னை என்று ஊகிக்கச் சாவி எதற்கு? 2015இல் மூன்று ஆய்வாளர்கள் இதே தர்க்கத்தை 200 அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளில் போட்டுப் பார்த்து, வயது, பாலினம் போன்றவற்றைப் பெருமளவில் மீட்டுக் காட்டினார்கள். அந்தரங்கமான தகவல்களுக்கு அந்த வலுக்குறைந்த முறையைப் பயன்படுத்தச் சொல்லவில்லை என்று கிரிப்ட்டிபி குழு மறுத்தது. மறுப்பில் நியாயம் இருந்தாலும், பயன்படுத்துபவர்கள் அத்தனை கவனமாக இருப்பார்களா என்பது சந்தேகம்தான். இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்றது கேபிடல் ஒன்னில் தப்பிய வழிதான். ஆதார் எண், மருத்துவக் குறிப்பு போன்ற ஒருசில பத்திகளை மட்டும் தரவுத்தளத்துக்குள் போகும் முன்பே தனிச் சாவியால் மறைத்துவிட்டு, மற்றவற்றைப் பொதுப் பூட்டில் விடுவது.

நம் நாட்டில் இதற்கு இனி சட்ட நெருக்கடியும் உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் மறையாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை, அது சரிதான் என்று நினைக்கிறேன். நான்கு பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம் வாடிக்கையாளர் சாவியை வாங்கி, நான்கு பேருக்கும் முழு அனுமதி எழுதி, பதிவேட்டைத் திறந்தே பார்க்காமல் விட்டால், மேக நிறுவனத்தின் சாவியிலேயே இருந்திருப்பதைவிட நிலைமை மோசம். தவறுதலாக அழித்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அமேசான் அத்தகைய சாவி ஒன்றுக்கு வாங்கும் வாடகை மாதம் 1 டாலர். பதிவேட்டை வாசிக்கவும், ஃபயர்வாலுக்கு எந்த வாசல்வரை அனுமதி என்று மாதம் ஒரு முறை சரிபார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம் எந்த மேக நிறுவனத்தின் கட்டணப் பட்டியலிலும் இல்லை.