அந்தக் கதவு யாருடைய பொறுப்பு?

காலை எட்டு மணி, வில்லிவாக்கம் ஸ்டேஷன். ஆவடி பக்கம் போற லோக்கல் வந்து நிற்குது. உள்ளே பாதி சீட் காலி. ஆனா கதவுகிட்ட மட்டும் கும்பல். யாருன்னு பார்த்தா நம்ம பசங்க. அதுல நானும் ஒருத்தன்.

அதே நேரம் எதிர்ப் பக்கம் சென்ட்ரல் போற வண்டி வருது. அதுலயும் கதவுல ஆட்கள் தொங்குறாங்க. ஆனா அந்த வண்டிக்குள்ளே கால் வைக்க இடம் இல்லை.

ரெண்டு வண்டியிலும் ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி ஆபத்து. ரெண்டு பேர் செய்வதும் ஒரே தப்பா? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விபத்து நடந்தா நம்ம ஊரில் ரெண்டு பேச்சு வரும். ஒண்ணு, "அவனை யார் தொங்கச் சொன்னது? அவன் உயிர், அவன் பொறுப்பு." இன்னொண்ணு, "அரசாங்கம் என்ன பண்ணுது? கதவு போடு, போலீஸ் போடு, அபராதம் போடு." ரெண்டுமே பாதி உண்மை என்று எனக்குத் தோணுது.

2018 ஜூலை 24. பரங்கிமலை ஸ்டேஷன். வழக்கமான தடத்தில் போக வேண்டிய மின்சார ரயில் அன்று காலை விரைவுத் தடத்துக்கு மாற்றி விடப்பட்டது. வண்டியில் பயங்கரக் கூட்டம். அந்தத் தடத்தை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர். படியில் தொங்கியவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். 5 பேர் இறந்தார்கள். தினமும் தொங்கிப் பழகியவர்களுக்கும் அன்றைக்குச் சுவர் அவ்வளவு பக்கத்தில் வரும் என்று எப்படித் தெரியும்?

சட்டம் என்ன சொல்லுது? ரயில்வே சட்டம் 1989, பிரிவு 156-ன்படி படியில் பயணம் செய்வது குற்றம். 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். இதைப் படிச்சா பொறுப்பு முழுக்க பயணியோடதுன்னுதான் தோணும்.

ஆனா அதே சட்டத்தில் பிரிவு 124ஏ இருக்கு. ரயிலில் இருந்து தவறி விழுந்த பயணிக்கு, ரயில்வே மேல் தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு தரணும். உயிரிழப்புக்கு 2017-லிருந்து 8 லட்சம் ரூபாய். தற்கொலை, தனக்குத்தானே செய்துகொண்ட காயம், குடிபோதை மாதிரி சில விஷயங்களுக்கு மட்டும் கிடையாது. "கவனக்குறைவா ஏறினதும் தனக்குத்தானே செய்துகொண்ட காயம்தானே?" என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போச்சு. ரீனா தேவி வழக்கில் 2018 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஏறும்போதோ இறங்கும்போதோ நடந்த கவனக்குறைவு அந்தக் கணக்கில் வராது, தனக்குக் காயம் ஏற்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருந்திருக்கணும் என்றது நீதிமன்றம். அதாவது கவனக்குறைவு வேறு, தெரிஞ்சே செய்வது வேறு.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற இங்கிலாந்து சிந்தனையாளர் 1859-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் பாலம் ஒன்றை உதாரணமா சொல்வார். பாலம் பழுதுன்னு தெரியாமல் ஒருத்தர் அதில் காலை வைக்கப் போறார், எச்சரிக்க நேரம் இல்லை. அப்போ அவரைப் பிடித்து இழுத்தால் அவர் சுதந்திரத்தைப் பறித்ததா ஆகாது, ஏன்னா ஆற்றில் விழ அவருக்கு ஆசை இல்லையே. ஆனா விழுவது நிச்சயமில்லை, ஆபத்து மட்டும்தான் இருக்கு என்றால், எச்சரித்துவிட்டு முடிவை அவரிடம் விடணும்.

நம்ம லைனுக்கு ஒரு மூணாவது நிலைமை இருக்கு. ஆபத்து தெரியும், எச்சரிக்கை போர்டும் இருக்கு, ஆனா அந்தப் பாலத்தை விட்டா வேலைக்குப் போக வேற வழி இல்லை. சென்ட்ரல் வண்டியில் தொங்குறவர் அந்த நிலைமையில்தான் இருக்கார். அவருக்குக் கதவு போட்டுக் கொடுப்பதை யாரும் 'ஓவரா பொத்திப் பொத்தி வளர்க்கிறது'ன்னு சொல்ல முடியாது.

"அப்போ கதவு போட்டுட வேண்டியதுதானே?" இங்கேதான் இன்ஜினியரிங் வருது. தானியங்கிக் கதவில் ஒரு இன்டர்லாக் இருக்கும். எல்லாக் கதவும் மூடினாதான் வண்டி கிளம்பும். ஒரு பை மாட்டினாலும் நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதுக்கு 10 விநாடி கூடுதலா ஆகுதுன்னு வச்சுக்கோங்க. சென்ட்ரலில் கிளம்பி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டிக்கு ஆவடியோடு சேர்த்து 12 நிறுத்தம். மொத்தம் 2 நிமிஷம். பின்னாடி வர்ற ஒவ்வொரு வண்டியையும் அது பாதிக்கும்.

அடுத்தது காற்று. ஏசி இல்லாத பெட்டியில், சென்னை மே மாசத்தில், அந்தக் கூட்டத்தோடு கதவையும் மூடினா மூச்சு முட்டும். 2025 ஜூன் 9-ல் மும்பை பக்கம் மும்ப்ராவில் பயணிகள் ரயிலில் இருந்து விழுந்து இறந்த பிறகு, ஏசி இல்லாத தானியங்கிக் கதவு ரயில்களை ரயில்வே அறிவித்தது. கதவில் காற்று வர இடைவெளித் தகடுகள், கூரையில் காற்றோட்டக் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடந்து போக வழி, இந்த மூணும் அதில் அடக்கம். சென்னையில் 2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் தானியங்கிக் கதவோடு ஏசி லோக்கல் ஓட ஆரம்பிச்சது. அதைச் செய்தது நம்ம லைனை ஒட்டியே இருக்கிற ஐ.சி.எஃப். ஆனா அதில் குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய், சாதா லோக்கலில் 5 ரூபாய். 5 ரூபாய் டிக்கெட்காரருக்கும் அந்தக் கதவு கிடைக்கணும் என்பதுதான் நியாயமான கோரிக்கை.

சரி, ஆவடி வண்டியில் தொங்குற நம்மளோட கதை?

முதல் ரெண்டு வருஷம் அம்மா என்னை காலேஜ் பஸ்ஸில்தான் அனுப்பினாங்க. "எனக்கு 19 வயசு, இன்னும் சின்னப் பையன் மாதிரி நடத்தாதீங்க"ன்னு சண்டை போட்டுத்தான் சீசன் டிக்கெட் வாங்கினேன். அந்தச் சுதந்திரத்தை வச்சு நான் செய்த முதல் வேலை, கதவில் தொங்கினது. ஒரு மழை நாள், அம்பத்தூர் தாண்டி, ஈரக் கம்பியில் கை வழுக்கிச்சு. பின்னாடி நின்ன ஒரு அண்ணன், கம்பெனி யூனிஃபார்மில் இருந்தார், என் பேக் வாரைப் பிடித்து உள்ளே இழுத்தார். திட்டலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உள்ளே இவ்ளோ இடம் இருக்கே தம்பி, ஏன்?"

என்கிட்ட பதில் இல்லை.

அந்தக் கேள்வியை வச்சே ரெண்டு வண்டியையும் பிரிச்சுடலாம். உள்ளே இடம் இல்லாதவரிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுவது அநியாயம். அவருக்குத் தேவை கூடுதல் வண்டியும் கதவும். உள்ளே இடம் இருந்தும் வெளியே நிற்கிற நமக்காக ஒரு கதவு, ஒரு போலீஸ், ஒரு அபராதம் தேவைப்படுதுன்னா, அம்மா நம்மளை காலேஜ் பஸ்ஸில் அனுப்பினது சரிதானே? நம்மளை யாரும் குழந்தை மாதிரி நடத்தக் கூடாதுன்னா, இடம் இருக்கும்போது ரெண்டு அடி உள்ளே தள்ளி நிற்கணும். அவ்வளவுதான்.

மழை நாள் விஷயத்தை அம்மாகிட்ட இதுவரை சொல்லலை. இந்த இதழ் வந்ததும் லிங்க் அனுப்பப் போறேன். திட்டு விழும். வாங்கிக்கிறேன்.