பொன்சாய் பராமரிப்பில் வீட்டுப் பொருட்கள்

பொன்சாய் என்பது ஆழமற்ற தொட்டிகளில் மரங்களைச் சிறிய உருவில், முதிர்ந்த மரத்தின் தோற்றம் அமையுமாறு வளர்க்கும் கலை ஆகும். இக்கலைக்கென ஜப்பானில் உருவாக்கப்பட்ட கத்தரிகள், குறடுகள், கம்பிகள், மண் வகைகள் ஆகியவை விலை கூடியவை. பல ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே சமையலறை, தச்சு வேலை, மின்வேலை ஆகியவற்றில் பயன்படும் பொருட்கள் பல இவற்றுக்கு மாற்றாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஒரு பொருள் தகுந்த மாற்றாக அமையுமா என்பது, அது மரத்துக்குச் செய்யவேண்டிய பணியைப் பொறுத்தது. பணியைப் புரிந்துகொள்ளாமல் செய்யப்படும் மாற்று, மரத்தை மெல்ல அழிக்கக்கூடும்.

பின்னணி

ஜப்பானிய மொழியில் 'பொன்' என்பது ஆழமற்ற தட்டத்தையும், 'சாய்' என்பது நடுதலையும் குறிக்கும். இக்கலை சீனாவின் பென்ஜிங் மரபிலிருந்து ஜப்பானுக்குச் சென்று அங்கு தனி வடிவம் பெற்றது. 1923 ஆம் ஆண்டின் பெரும் கான்டோ நிலநடுக்கத்துக்குப் பின்னர் டோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த வளர்ப்பாளர்கள், 1925 இல் ஓமியாவில் பொன்சாய் கிராமத்தை நிறுவினர். இது இன்று சைத்தாமா நகரின் ஒரு பகுதியாகும்.

நிலத்தில் உள்ள மரம் நீரைத் தேடி வேரைத் தொலைவுக்கு அனுப்பும். தொட்டி மரத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே அதற்கு மூன்று தேவைகள் உள்ளன:

1. வேருக்கு நீரும் காற்றும் ஒருங்கே கிடைத்தல்
2. எளிதில் ஆறும் வகையில் கிளைகள் வெட்டப்படுதல்
3. வளைத்த கிளை, அந்நிலையில் மரமாகி உறுதிப்படும் வரை பிடித்து வைக்கப்படுதல்

மண்ணும் தொட்டியும்

ஆழமற்ற தொட்டியின் அடியில் ஏன் நீர் தேங்குகிறது என்பதை, பாத்திரம் கழுவப் பயன்படும் நுரைப்பஞ்சைக் கொண்டு அறியலாம். முழுதும் நனைந்த பஞ்சைப் படுக்கை நிலையில் பிடித்து நீர் சொட்டுவது நின்ற பின், நீளவாக்கில் நிமிர்த்தினால் மீண்டும் நீர் சொட்டும். உயரம் குறைந்த நிலையில் பஞ்சு கூடுதலான நீரைப் பிடித்துக்கொள்கிறது. மண்ணும் இவ்வாறே செயல்படுகிறது. அடியில் தேங்கும் ஈர அடுக்கின் உயரம் மண் துகள்களின் அளவைப் பொறுத்தது. தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று. அடியில் சரளைக் கற்களைப் பரப்புவதால் இவ்வடுக்கு மறைவதில்லை. சரளைக்கு மேலே உயர்ந்து வேருக்கு மேலும் அருகில் வருகிறது. துகள்களைப் பெரிதாக்குவதே இதற்குத் தீர்வு.

ஜப்பானில் இதற்கு அகடாமா என்னும் உருண்டை மண் பயன்படுகிறது. அதற்கு மாற்றாக நன்கு சுட்ட செங்கல்லை உடைத்துப் பயன்படுத்தலாம். உடைத்த துண்டுகளை இரு சமையலறைச் சல்லடைகளில் சலித்து, ஏறத்தாழ 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையான துகள்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தூளை நீக்காவிட்டால் அது இடைவெளிகளை அடைத்துக் காற்றோட்டத்தைத் தடுக்கும். துண்டுகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்துப் பார்ப்பது நல்லது. விரலால் நசுக்கும்போது குழைந்தால், அது சரியாகச் சுடப்படாத செங்கல்; தொட்டியில் விரைவில் சேறாகிவிடும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

இளங்கன்றுகளின் தண்டைப் பருக்கச் செய்ய, காய்கறி கழுவும் துளையுள்ள நெகிழிக் கூடை தொட்டியாகப் பயன்படுகிறது. சாதாரணத் தொட்டியில் சுவரைத் தொட்ட வேர் சுற்றிச் சுற்றி வளரும். கூடையிலோ துளையை அடைந்த வேர்நுனி காற்றில் உலர்ந்து நின்றுவிட, அதன் பின்னால் புதிய கிளைவேர்கள் தோன்றும். இதனால் தண்டுக்கு அருகிலேயே அடர்ந்த வேர்த்தொகுதி உருவாகிறது. கூடையில் மண் விரைந்து உலர்வதால் கூடுதலாக நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

வடிகால் துளையை மூட வெங்காயம், பழங்கள் வரும் நெகிழி வலைப்பையின் துண்டு போதுமானது. இரும்பு வலை துருப்பிடித்து உடைந்துவிடும்.

நீர்

- ஈரம் அறிதல்: மூங்கில் குச்சியை மண்ணில் செருகிப் பத்து நிமிடங்களுக்குப் பின் எடுத்துப் பார்த்தால், உள்ளே எவ்வளவு ஈரம் உள்ளது என்பது குச்சியின் நிறத்தில் தெரியும். மேல்மண் உலர்ந்திருப்பது மட்டும் போதிய அடையாளம் அன்று. மாற்று நடவின்போது வேர்களுக்கிடையே மண்ணைச் செலுத்தவும் இக்குச்சியே பயன்படும்.
- நீர் ஊற்றுதல்: நெகிழிப் புட்டியின் மூடியில் ஊசியால் பல துளைகள் இட்டால் மண்ணை அரிக்காத மெல்லிய தாரை கிடைக்கும்.
- அமிழ்த்துதல்: மிகவும் உலர்ந்து நீரை ஏற்காத மண்ணாயின், தொட்டியை ஓர் அகன்ற பாத்திரத்து நீரில் குமிழிகள் நிற்கும் வரை அமிழ்த்தி எடுக்கலாம்.
- நீரின் தன்மை: மழைநீர் சிறந்தது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்புகள் செறிந்திருப்பதால் அது ஏற்றதன்று. கடின நீரால் தொட்டியில் படியும் வெண்கறையை, நீர் கலந்த வினிகரைப் பழைய பல்துலக்கியில் தோய்த்துத் தேய்த்து நீக்கலாம். வினிகர் மண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுதல்

பொன்சாய்க்கே உரிய கருவிகளில் முதன்மையானது குழிவெட்டுக் குறடு. இது கிளை இருந்த இடத்தில் சிறு குழிவை ஏற்படுத்துகிறது. காயத்தைச் சூழ்ந்து வளரும் திசு குழிவை நிரப்பித் தண்டின் மட்டத்தோடு நிற்பதால் வடு புடைத்துத் தெரிவதில்லை. இதே விளைவைப் பெற, கிளையை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அவ்விடத்தைக் கூரிய கத்தியாலோ சிறிய குழியுளியாலோ சற்றே குடைந்துவிடலாம். மொட்டைக் கத்தரி திசுவை நசுக்கும். நசுங்கிய காயம் ஆறத் தாமதமாகும்.

மெல்லிய தளிர்களை நறுக்க நூல் கத்தரியும் நகவெட்டியும் ஏற்றவை. வேரை வெட்டுவதற்குத் தனியாக ஒரு பழைய கத்தரியை வைத்துக்கொள்வது நல்லது. மண்ணிலுள்ள மணல் கூர்மையைக் கெடுத்துவிடும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குச் செல்லும் முன் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் அலகைத் துடைத்தால் நோய் பரவுவது குறையும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் பூசி வைக்கலாம்.

வளைத்தல்

கிளைகளை வளைக்க அலுமினியக் கம்பியோ பதப்படுத்திய செப்புக் கம்பியோ பயன்படுகிறது. வீட்டு மின்னிணைப்புக்கான ஒற்றைச் செப்புக் கம்பியை இதற்குப் பயன்படுத்தலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் ஆகும். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள கம்பியைத் தேர்ந்து, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் சுற்ற வேண்டும் என்பது பொது விதி.

கம்பியின் நெகிழி உறையைக் கத்தியால் உரித்தே எடுக்க வேண்டும். உறையைக் கொளுத்தினால் நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். உரித்த கம்பியைத் தணலில் மங்கிய செந்நிறம் தோன்றும் வரை சூடாக்கி ஆறவிட்டால் அது மென்மையாகும். எஃகைப் போலன்றி, செம்பை நீரில் இட்டுத் திடீரெனக் குளிர்வித்தாலும் அது கடினமாவதில்லை, வளைக்கும்போதே கடினமாகிறது. அதனாலேயே கிளையில் சுற்றிய பின் வளைவை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது.

வளர்பருவத்தில் கம்பியை வாரந்தோறும் கவனிக்க வேண்டும். தடிக்கும் கிளையில் கம்பி புதைந்தால் ஏற்படும் வடு பல ஆண்டுகள் நிலைக்கும். கம்பியை நீக்கும்போது சுற்றைப் பிரிக்காமல், ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுப்பதே பாதுகாப்பானது. இழுத்துக் கட்டும் கம்பி பட்டையை அறுக்காதிருக்க, மிதிவண்டி உட்குழாயின் துண்டை இடையில் வைக்கலாம்.

உரம்

ஜப்பானில் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதைப் புண்ணாக்கு நெடுங்காலமாக உரமாகப் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்கும் கடலைப் புண்ணாக்கு, வேப்பம் புண்ணாக்கு ஆகியவையும் இவ்வாறே மெல்ல ஊட்டமளிப்பவை. இவற்றை மண்ணில் நேரடியாகத் தூவினால் துகள்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். வெற்றுத் தேயிலைப் பையில் இட்டு மண்மேல் வைத்தால், நீர் ஊற்றும்போது ஊட்டம் மட்டும் இறங்கும். சக்கையை எளிதில் அகற்றலாம்.

தவிர்க்க வேண்டியவை

- வடிகால் துளையற்ற பீங்கான் கிண்ணங்கள், தட்டுகள்.
- பூச்சிகளுக்காகத் துணி துவைக்கும் தூளையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ தெளித்தல். இவை இலையின் மெழுகுப் படலத்தைச் சிதைக்கும்.
- கருவிகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்தல். இது எஃகை அரிக்கும்.
- மண்ணுக்கும் உரத்துக்கும் பயன்படுத்திய சல்லடை, பாத்திரம் ஆகியவற்றை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்துதல்.

வரம்புகள்

வீட்டுப் பொருட்கள் எல்லாப் பணிகளுக்கும் போதுமானவை அல்ல. தடித்த கிளைகளை அடிக்கடி நீக்குவோருக்குக் குழிவெட்டுக் குறடு நேரத்தையும் மரத்தையும் காக்கும். பொன்சாயில் தவறான மாற்றின் விளைவு உடனே தெரியாமல், அடுத்த மாற்று நடவின்போது அழுகிய வேராகவோ சில ஆண்டுகள் கழித்து ஆறாத வடுவாகவோ வெளிப்படலாம். மரத்தின் ஆயுளோ மிக நீண்டது. 1625 ஆம் ஆண்டு முதல் பயிற்றுவிக்கப்பட்டு வருவதாகக் கருதப்படும் ஜப்பானிய வெள்ளைப் பைன் ஒன்று, 1945 இல் ஹிரோஷிமா அணுகுண்டு வெடிப்பிலிருந்து தப்பியது. மசாரு யமாகி என்பவர் 1976 இல் அம்மரத்தை ஐக்கிய அமெரிக்காவுக்குக் கொடையாக அளித்தார். தலைமுறைகள் தாண்டி வாழக்கூடிய ஒரு மரத்துக்கு நல்ல கருவி துணைபுரியும். எனினும் நாள்தோறும் மண்ணின் ஈரத்தைப் பார்த்து நீர் ஊற்றுவதற்கு எக்கருவியும் மாற்றாகாது.