அந்த அம்மாவின் அழுகுரல் எங்கே?

சென்ற மாதம் நம் சங்க அரங்கில் 'பதேர் பாஞ்சாலி' திரையிட்டோம். படம் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "மாமா, அப்பா வாங்கி வந்த புடவையைப் பார்த்ததும் அந்த அம்மா கதறி அழறாங்க. ஆனா குரலே கேக்கலையே! ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?" என்றான்.

"இல்லை தம்பி, வேண்டுமென்றே செய்தது" என்றேன். அவனிடம் சொன்னதையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

படப்பிடிப்பு முடிந்தால் படம் முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கல்யாண வீட்டில் காய்கறி வந்து இறங்குவது போலத்தான் படப்பிடிப்பு. சமையல் அதற்குப் பிறகுதான்! பிலிம் காலத்தில், எடுத்த நெகடிவை லேபில் கழுவி, ரஷ் பிரிண்ட் போடுவார்கள். எடிட்டர் அதை வெட்டி ஒட்டிக் கதையைக் கோப்பார். வசனம், சுற்றுப்புற ஒலி, பின்னணி இசை மூன்றையும் தனித்தனியே தயாரித்து மிக்ஸிங்கில் ஒன்றாக்குவார்கள். பிறகு மூல நெகடிவையும் அதே இடங்களில் வெட்டிச் சேர்த்து, படமும் ஒலியும் இணைந்த 'மேரீட் பிரிண்ட்' எடுப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் பணம் வேண்டும், நாளும் வேண்டும்.

சத்யஜித் ராயிடம் இரண்டுமே இல்லை. 1952 அக்டோபரில் தொடங்கிய படப்பிடிப்பு, பணமின்றிப் பலமுறை நின்றது. அவருடைய இன்ஷூரன்ஸ் பாலிசியும், மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. இதற்கிடையே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் படத்தைத் திரையிட அழைத்திருந்தது. 1955 மே மாதத்துக்குள் பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும்.

ராயும் எடிட்டர் துலால் தத்தாவும் கடைசிக் கட்டத்தில் பத்து நாள் இரவு பகலாக உழைத்தார்கள். ரவிசங்கருக்கோ கச்சேரிப் பயணங்கள். ஏறக்குறைய பாதிப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஒரே இரவில், சுமார் 11 மணி நேரத்தில் இசையைப் பதிவு செய்து கொடுத்தார். அது எல்லா இடங்களுக்கும் போதவில்லை. மிட்டாய்க்காரர் பின்னால் குழந்தைகள் போகும் காட்சிக்குச் சிதார் வாசித்தவர் யார் தெரியுமா? ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா!

இனி பையனின் கேள்விக்கு வருவோம். மகள் துர்கா இறந்தது தெரியாமல் ஊரிலிருந்து திரும்பும் தந்தை, அவளுக்கு வாங்கிய புடவையை எடுத்து நீட்டுகிறார். தாய் உடைந்து போகிறாள். நடிகை கருணா பானர்ஜியின் அழுகுரலை எடுத்துவிட்டு, அங்கே 'தார் ஷெனாய்' என்னும், வில்லால் இசைக்கும் நரம்பு வாத்தியத்தை உச்ச ஸ்தாயியில் ஒலிக்க வைத்தார் ராய். அழுகுரல் கேட்டிருந்தால் அது அவளுடைய துக்கமாக இருந்திருக்கும். வாத்தியம் அதை நம்முடைய துக்கமாக்கி விடுகிறது. இதற்குப் பெரிய செட் தேவைப்படவில்லை. எதை நீக்குவது என்று தெரிந்த மனம் போதுமானதாக இருந்தது.

வசன மொழிபெயர்ப்பு எழுத்துகளைச் சேர்க்கக்கூட நேரமில்லாமல் பிரதி நியூயார்க் போயிற்று. 1955 மே 3 அன்று அங்கே திரையிடப்பட்டது. ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் வெளியாயிற்று. 1956-இல் கான் விழாவில் பரிசும் பெற்றது.

1993-இல் லண்டன் லேப் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் இதன் மூல நெகடிவ் கருகியது. இத்தாலியின் பொலோனா நகர வல்லுநர்கள் பயன்படும் பகுதிகளை மீட்டு, இல்லாதவற்றை வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015-இல் அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் படம் மீண்டும் ஓடியது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போனிலேயே எடிட்டிங் செய்கிறார்கள். பாட்டும் எஃபெக்டும் சேர்ப்பது எளிது. எதை விடுவது என்பதுதான் அன்றும் இன்றும் கடினம்.

எல்லாம் கேட்ட பையன் சொன்னான்: "அந்த ஸீனை மட்டும் இன்னொரு தடவை போடுங்க மாமா."

போட்டோம். இந்த முறை அவன் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்க்கவில்லை.