மலைமுடிப் புல்வெளி வெற்றிடமா?

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. ஊர்கள் கடல் மட்டத்துக்கு மேல் 200 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளன. இம்மலைத் தொடரில் கோட்டமலை போன்ற முடிகளோ ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர்ந்தவை. இந்தச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் தாவர உலகம் பலமுறை உருமாறிவிடுகிறது. அடிவாரத்தில் முட்புதர்; அதற்கு மேல் கோடையில் இலையுதிர்க்கும் காடு; இன்னும் மேலே என்றும் பசுமை மாறாத காடு. உச்சிப் பகுதியில் காற்று வீசும் திறந்த புல்வெளியும், மலை மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலையும் காணப்படுகின்றன.

உயரம் செய்யும் வேலை

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறைகிறது. ஊரில் 36 டிகிரி வெயில் என்றால் உச்சியில் 25 டிகிரிதான் இருக்கும். மேலேறும் காற்று குளிர்ந்து மேகமாகிறது. மண்ணின் ஆழம் குறைகிறது. காற்றின் வேகம் மிகுகிறது. எனவே சோலை மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. அவற்றின் இலைகள் சிறியனவாகவும் தடித்தும் இருக்கின்றன. கிளைகளில் பாசி படர்கிறது.

ஆனால் மடிப்பில் வளரும் மரம் பக்கத்துப் புல்வெளியில் ஏன் வளரவில்லை? மனிதன் காட்டை எரித்து அழித்ததால் வந்த வெற்றிடமே புல்வெளி என்று ஒரு சாரார் கருதினர். புல் போர்த்த சிகரத்தை ‘மொட்டை’ என்று அழைக்கும் வழக்கும் நம்மிடம் உண்டு. இவ்வகைப் புல்வெளிகள் நீலகிரியில் பரந்து கிடந்தவை; ஆராய்ச்சியும் அங்கேதான் மிகுதியாக நடந்துள்ளது. ஆகவே விடையைத் தேடி நீலகிரிக்குச் செல்வோம்.

சேறு காத்த சான்று

நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் பண்டைத் தாவரங்கள் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. காற்றிலுள்ள கார்பனில் பெரும்பகுதி கார்பன்-12. மிகச் சிறு பகுதி அதைவிடச் சற்றுக் கனமான கார்பன்-13. மரங்கள் உணவு தயாரிக்கும்போது கனமான கார்பனை அதிகம் ஒதுக்கிவிடுகின்றன. வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை வேறு வழியில் உணவு தயாரிப்பதால் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. எனவே படிவிலுள்ள கார்பன்-13இன் அளவைப் பார்த்தால், அக்காலத்தில் அங்கே ஓங்கியிருந்தது மரமா, புல்லா என்று அறியலாம். படிவின் வயதைக் கார்பன்-14 காட்டும்.

இம்முறையில் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் செய்த ஆய்வு 1993ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாறு அதில் தெரிந்தது. பனியூழியின் வறண்ட காலத்தில் புல் ஓங்கியிருந்தது; பின்னர் பருவமழை வலுத்தபோது மரவகைத் தாவரங்கள் பெருகின; மீண்டும் வறண்டபோது புல் பரவியது. உழவு தோன்றுமுன்பே அங்கே புல்வெளி இருந்தது என்பது இதனால் உறுதியாகிறது.

இன்றும் புல்லை நிலைநிறுத்துவது எது? ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு உறைபனியைச் சுட்டியது. திறந்தவெளியில் சோலை மர நாற்றுகள் உறைபனியால் மடிகின்றன. ஆஸ்திரேலியச் சீகை மரக் கன்றுகளோ தாக்குப்பிடிக்கின்றன. உயரமும் மண்ணும் மலைக்கு மலை வேறுபடுவதால் இந்த ஒரே காரணம் எல்லா மலைக்கும் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது.

நீர்க் கணக்கு

வெற்றிடம் என்று கருதப்பட்டதால் புல்வெளிகளில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்கள் நடப்பட்டன. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்ததை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது.

இதனால் நமக்கென்ன நட்டம்? நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில் அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை விஞ்ஞானிகள் ஒப்பிட்டனர். ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றதன் பெரும்பகுதியில் 1972இல் யூகலிப்டஸ் நட்டனர். முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பகுதியிலிருந்து வழிந்த நீர் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வேகமாக வளரும் மரம், ஓடைக்குச் செல்ல வேண்டிய நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக்கிவிடுகிறது.

இராசபாளையம் நகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றான ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை மலை ஓடைகளே நிரப்புகின்றன. ஆகவே மலையுச்சியில் எது வளர்கிறது என்பது ஊர்க் குழாயில் வரும் நீரைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் காடு, 2021இல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அங்கே காக்க வேண்டியவற்றுள் விலங்கும் மரமும் மட்டுமல்ல, புல்லும் அடங்கும். மரம் நடுவது நல்ல செயலே. ஆனால் எந்த மரத்தை எந்த இடத்தில் நடுவது என்று மண்ணைக் கேட்டு நட வேண்டும். மலைமுடிப் புல்வெளி தரும் பதில், ‘இங்கே வேண்டாம்’ என்பதே.